கைராசிக்காரர் வீட்டில் மூன்று நாள்: இரத்தோட்டை, ரிவஸ்டன், கொஞ்சம் மாட்டுக் காய்ச்சல்

சொந்த வாகனம் இல்லாமல் ரிவஸ்டன் போக முடியுமா என்று கேட்டு எழுதியவர்களுக்கு ஒரு வருடமாகப் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். போகாத இடத்தைப் பற்றி அளந்துவிடுவது எனக்குப் பிடிக்காது. இத்தனைக்கும் அந்த மலையடிவாரத்தில்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் போவதெல்லாம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் என்பதால், சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் கொழும்புக்குத் திரும்பிவிடுவோம். மலை எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது.

இந்த ஓகஸ்ட் கடைசியில் மூன்று நாள் போய்த் தங்கினோம். ரிவஸ்டனைப் பார்ப்பது ஒரு காரணம். உண்மையான காரணம் என் கொழுந்தன் சிவலிங்கம். போன வருடத்திலிருந்து அவருக்குக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. தொலைபேசியில் கேட்டால் "நல்லா இருக்கேன் அண்ணி" என்பார், ஆனால் அந்தக் குரலே நல்லா இல்லை. என் வீட்டுக்காரர் தம்பியுடன் பேசி முடித்ததும் பால்கனியில் போய் நிற்பார். மூன்றாவது தடவை அப்படி நின்றதும், போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று நானே பையைக் கட்டினேன்.

புறக்கோட்டையில் காலை 5.30க்குக் குளிரூட்டிய பஸ்ஸில் ஏறினோம். கண்டி வரை ஆளுக்கு 850 ரூபாய், மூன்றரை மணி நேரம். கடுகண்ணாவை வளைவுகளில் என் வீட்டுக்காரருக்குத் தலைசுற்றும் என்பதால் தேசிக்காய் ஒன்றை முகர்ந்துகொண்டே வந்தார். கண்டியிலிருந்து மாத்தளைக்கு 26 கிலோமீட்டர்தான். ஆனால் அக்குறணைச் சந்தியில் வாகனங்கள் நிற்கிற நிற்பில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. 130 ரூபாய். மாத்தளையில் அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சந்தையில் கருவாடும் அங்கே பிள்ளைகளுக்கு மஸ்கட் இனிப்பும் வாங்கினோம். இரத்தோட்டைக்கு அடிக்கடி பஸ் உண்டு. 13 கிலோமீட்டர், 75 ரூபாய், நாற்பது நிமிடம். இந்தக் கட்டணங்கள் எல்லாம் நாங்கள் கொடுத்தவை. நீங்கள் போகும்போது ஏறியிருந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

இரத்தோட்டையிலிருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர். அந்தப் பாதையைப் பாதை என்று சொல்வதற்குப் பெரிய மனது வேண்டும். நியாஸ் என்கிற தம்பியின் ஓட்டோவில் ஆயிரம் ரூபாய்க்குப் பேசி ஏறினோம். தோட்டத்து வரிசை வீடுகளில் எந்த லயம் என்று கேட்டார். சொன்னதும் கண்ணாடியில் எங்களை ஒரு தடவை பார்த்தார்.

"அங்கயா அக்கா? முந்தி நான் தினம் காலைல அங்கத்த பால் கேன ஏத்திட்டு வருவேன். இப்ப லொறி அந்தப் பால எடுக்கிற இல்ல. மாட்டுக்கு வருத்தம், எனக்கு ஹயர் இல்ல."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் வழியெல்லாம் அதே பேச்சுத்தான். பால் நின்ற பிறகு கீழ்க்கடையில் புண்ணாக்கு விற்பதில்லையாம். புண்ணாக்கு விற்காததால் கடைக்காரர் மாத்தளைக்கு லொறி அனுப்புவதைக் குறைத்துவிட்டாராம். அதனால் அரிசி, பருப்பைக்கூட இரத்தோட்டையிலிருந்துதான் சுமக்கிறார்களாம். மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் ஓட்டோக்காரர் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தத் தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பால் மறுபடி விற்க வேண்டும் அல்லவா?

லயத்தை அடைந்தபோது பகல் ஒன்றரை. என் ஓரகத்தி பரமேஸ்வரி, நாங்கள் பரமு என்போம், வாசலில் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டி ஓடிவந்து பையை வாங்கினாள். பின்னால் சிவலிங்கம் மெதுவாக வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. என் வீட்டுக்காரர் தம்பியின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. இரண்டு பேரும் பேசாத பிறவிகள், அப்படியே நின்றார்கள்.  நான் அழுதால் பரமுவும் அழுவாள் என்று மஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினேன்.

முதலில் சிவலிங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழில் மிளகுத் தோட்டத்தில் நாள்கூலி. அதோடு நான்கு மாடும் வைத்திருந்தார். மாடுகளைத் திட்டுவதென்றால் சிங்களத்தில் திட்டுவார், கொஞ்சுவதென்றால் தமிழில் கொஞ்சுவார். ஏனென்று கேட்டால், திட்டியது மாட்டுக்கு முழுசாகப் புரிந்துவிடக் கூடாதாம். அந்த லயங்களில் எந்த மாடு கன்று போட்டாலும் கூப்பிடுவது அவரைத்தான். அவர் கை வைத்தால் கன்று நல்லபடியாக விழும், மாடு மடி நிறையப் பால் தரும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. கைராசிக்காரர்!

அந்தக் கைராசிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கன்று பிறந்தபின் வெளிவரும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, பால் வடிகிற மரம் ஒன்றின் கிளையில் உயரக் கட்டித் தொங்கவிடுவார்கள். மரத்தில் பால் ஊறுவதுபோல் மாட்டுக்கும் ஊறும் என்பது கணக்கு. கொடி எங்காவது கிடந்து நாய் இழுத்துப் போனால் பால் வற்றிவிடுமாம். இங்கே அதற்கென்று லயத்துக்கு மேலே ஒரு பெரிய பலாமரம் நிற்கிறது. யார் வீட்டு மாடு ஈன்றாலும் கொடியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அந்த மரத்தில் ஏறுகிறவர் சிவலிங்கம். கூலி கிடையாது. எத்தனை வருடமாக என்று கேட்டேன், கல்யாணத்துக்கு முந்தியிருந்தே என்றார். கை வெறுங்கை, தோளில் ஈரம்.

போன வருடம் இரண்டு மூன்று வீட்டு மாடுகள் ஏழாம் மாதத்திலேயே செத்த கன்றை வீசின. கண்ணேறு என்றார்கள், புல்லில் ஏதோ என்றார்கள். எல்லாத் தொழுவத்துக்கும் போய்ச் சுத்தம் செய்து கொடுத்தவர் இவர்தான். கொஞ்ச நாளில் இவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. காலையில் இல்லை, அந்தியானால் வரும். படுக்கை நனைகிற மாதிரி வியர்க்கும். இடுப்பும் மூட்டும் வலிக்கும். பத்து நாள் விட்டிருக்கும், குணமாகிவிட்டது என்று வேலைக்குப் போவார், மறுபடி விழுவார். டெங்கு என்று பார்த்தார்கள், இல்லை. எலிக்காய்ச்சல் என்று பார்த்தார்கள், இல்லை. சோம்பேறித்தனம் என்று ஓர் உறவுக்காரர் வாய்க்கு வந்ததைச் சொன்னாராம். அவர் பெயரை நான் தனியாக நினைவில் வைத்திருக்கிறேன்.

கடைசியில் ஓர் இளம் டொக்டரம்மா, வீட்டில் மாடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது என்றதும் வேறு இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். புரூசெல்லோசிஸ். மாட்டிலிருந்து மனிதருக்கு வருகிற காய்ச்சல். மாடு கன்று வீசுவதற்கும் அதே கிருமிதான் காரணம். வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும்தான் அது அதிகம் இருக்கும். காய்ச்சாத பாலிலும் வரலாம். மருந்து இருக்கிறது. ஆனால் இரண்டு வகை மாத்திரையை ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், ஒருநாள்கூட விடாமல் விழுங்க வேண்டும்.

இதுவரை கேட்டபோது எனக்குப் பரிதாபம் மட்டும்தான். அடுத்ததைப் பரமு தாழ்ந்த குரலில் சொன்னாள். அரசாங்க மிருக வைத்தியர் விசாரிக்க வந்தபோது, எந்தெந்தத் தொழுவத்துக்குப் போனீர்கள் என்று கேட்டிருக்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர்களுடைய மாட்டோடு போயிருக்கும். சிவலிங்கம் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டார். எல்லா மாட்டுக்கும் இரத்தம் எடுத்தார்கள். ஐந்து மாடுகளுக்கு நோய் இருந்தது. அவற்றை இன்னொரு பட்டிக்கு விற்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. ஒருநாள் காலையில் லொறி வந்து ஏற்றிப்போனது. சிவலிங்கத்தின் மாடு ஒன்று. அடுத்த லயத்து ராஜரத்தினத்தின் மாடுகள் இரண்டு, அதில் ஒன்று நிறை பால் தந்துகொண்டிருந்தது.

ராஜரத்தினமும் சிவலிங்கமும் சின்ன வயதிலிருந்து கூட்டாளிகள். லொறி போன நாளிலிருந்து ராஜரத்தினம் இவருடன் பேசுவதில்லை. மற்ற வீட்டாரும் எந்த மாடு ஈன்றாலும் இவரைக் கூப்பிடுவதில்லை. கைராசி என்றவர்களே இப்போது வேறு மாதிரிப் பேசுகிறார்கள்.

நான் கணக்கு வேலையில் காலம் தள்ளியவள், சும்மா இருக்க முடியுமா? இரவுச் சோற்றை உருட்டிக்கொண்டே மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். வீசிப்போன கன்று, ஒரு முழு ஈத்தின் பால், போன மாடு, அவர் படுத்திருந்த மாதங்களின் கூலி, அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதற்காகப் பரமு விட்ட வேலை நாட்கள், ஆஸ்பத்திரி ஓட்டோ, அடகுக்குப் போன தோடு. நோயே இல்லாத மாடுகளின் பாலையும் இரண்டாவது பரிசோதனை முடியும்வரை லொறி எடுக்க மறுத்தது, அது வேறு. இதுவரை கூட்டலாம். கூட்டாளி பேசாததை எந்த வரியில் போடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் ரிவஸ்டன். இப்போது பயணக் குறிப்புக்கு வருகிறேன், பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்தளையிலிருந்து பல்லேகம போகும் பஸ் இரத்தோட்டையைத் தாண்டி ரிவஸ்டன் வழியாகத்தான் போகிறது. அன்றைக்கு இரத்தோட்டையில் 7.10க்கு வந்தது. 17 கிலோமீட்டர் ஏற்றம், ஐம்பது நிமிடம், ஆளுக்கு 110 ரூபாய். இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். பாதி வழியில் தேயிலை முடிந்து காடு தொடங்கும், காது அடைக்கும், பஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்திக் கம்பளிச் சட்டையைத் தேடுவார்கள். மலை உச்சி ஒளிபரப்புக் கோபுரத்துக்குப் போகும் வழியில் இறங்க வேண்டும் என்று கொண்டக்டரிடம் முன்னமே சொல்லி வையுங்கள்.

சிவலிங்கம் தானும் வருவதாகப் பிடிவாதம் பிடித்துக் கூட வந்தார். மாத்திரை முடிந்து ஒரு மாதமாகிவிட்டதாம், டொக்டரம்மா நடக்கச் சொன்னாராம். றோட்டிலிருந்து மேலே ஏறச் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரரை மேலே அனுப்பிவிட்டு நான் அவருடன் கல்லில் உட்கார்ந்தேன். எனக்கும் முழங்கால் ஒரு சாக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. காற்று என்றால் அப்படியொரு காற்று. தலையில் கட்டிய ஷோலைப் பிடித்திருக்க ஒரு கையே வேலையாக இருந்தது. மேகம் எங்களைத் தாண்டிப் போய், கீழே பத்தனைப் புல்வெளியும் அதற்கும் கீழே பல்லேகமப் பக்கத்து வயல்களும் தெரிந்தன. நான் இத்தனை வருடம் சாப்பிட்டுவிட்டு ஓடியதற்காக என்னையே நொந்துகொண்டேன்.

அங்கேதான் அவர் வாய் திறந்தார். ராஜரத்தினத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே கிடாரி முதல் ஈத்துக்கு நிற்கிறது, இந்தக் கிழமைதான் நாள் என்றார். இரண்டு தடவை இரத்தம் பார்த்தும் நோய் இல்லை என்று வந்த மாடு. தலைச்சன் கன்று, மாட்டுக்கும் சிரமம், பார்க்கிறவருக்கும் சிரமம். ராஜரத்தினத்துக்கு அந்தக் கை வேலை வராது. அவர் தன்னைக் கூப்பிடுவாரா என்றுதான் சிவலிங்கம் தினமும் யோசிக்கிறார். கூப்பிட்டால் போவதற்கென்று இரத்தோட்டையில் நீளக் கையுறையும் அரை மூட்டைச் சுண்ணாம்பும் வாங்கி வைத்திருக்கிறார்.

நோயிலிருந்து எழுந்த மனிதர் மறுபடி அதே வேலைக்கு ஏன் போக வேண்டும் என்று நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அவர் கைகள் இரண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டு டொக்டர் சொல்றாரு, எங்கிருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல ஏலாதாம். விலைக்கு வாங்கின மாட்டுல வந்திருக்கும்ங்கிறாரு. ஆனா அண்ணி, ஒரு தொழுவத்துல இருந்து இன்னொரு தொழுவத்துக்குப் போனது யாரு? இந்தக் கைதானே. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேனோன்னு இருக்கு. அதான் ஒரு வீடு விடாம சொன்னேன்."

  அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மேலே போன என் வீட்டுக்காரர் பதினைந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பினார். பதினைந்திலும் மேகம்தான்.

பல்லேகமவிலிருந்து திரும்பும் பஸ் அந்த இடத்தை மத்தியானம் 1.20க்குக் கடந்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாரும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள், கவனம். வழியில் பம்பரகிரி அருவிக்கு இறங்கலாம். தொங்கு பாலம், குளிக்க நல்ல இடம். நாங்கள் இறங்கவில்லை, சிவலிங்கத்துக்குக் களைப்பு.

மூன்றாம் நாள் பகல் பஸ்ஸில் கிளம்புவதாக இருந்தோம். காலை எட்டு மணியிலிருந்தே அடுத்த லயத்துப் பின்பக்கம் மாடு கத்தத் தொடங்கியது. பரமு என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சிவலிங்கம் எழுந்து போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். வந்து உட்கார்ந்தார். ஒன்றும் கேட்காதவர்போல் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி எழுந்துபோய்க் கையைக் கழுவினார். மாட்டின் குரல் நீண்டது. எனக்கு ராஜரத்தினத்தின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. எத்தனை வைராக்கியம் ஒரு மனிதருக்கு! வாயில்லாச் சீவன் படுகிற பாட்டைக் காதால் கேட்டுக்கொண்டும் நாலு எட்டு நடந்து வர முடியவில்லையா?

பத்து மணி இருக்கும், வந்தார். கானுக்கு அந்தப் பக்கமே நின்றார். சட்டையில் முழங்கை வரை சாணி. சிவலிங்கம் அவருக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணே, ஒங்க தம்பி வீட்ல இருக்காரா?"

என் வீட்டுக்காரர் இந்த மாதிரி நேரத்தில்தான் நான் கட்டிக்கொண்டதற்குப் பொருத்தமானவர் என்று காட்டுவார். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "இருக்கான். கூப்பிடவா?" என்றார்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சிவலிங்கம் கையுறையைத் தேடி உள்ளே போயிருந்தார். பரமு ஒரு துணியை எடுத்து அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பின்னாலேயே நாங்களும் போனோம்.

தொழுவத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கன்றின் முன்னங்கால் ஒன்று மடங்கி உள்ளே சிக்கியிருந்தது. சிவலிங்கம் மாட்டின் முதுகைத் தட்டி, கன்னுக்குட்டி, தங்கம், கொஞ்சம் பொறு என்று தமிழில் ஏதேதோ சொன்னார். பிறகு மெதுவாகக் கையை விட்டுக் காலை நிமிர்த்தினார். நெற்றி வியர்வை கண்ணில் வடிந்தபோது துடைக்கப்போனார், பரமு சத்தம் போட்டுத் தடுத்துத் தானே துடைத்துவிட்டாள். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் வந்து விழுந்தது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. தாய் திரும்பி நக்கத் தொடங்கியது. நான் அழுதேன், அதற்குக் காரணம் கேட்காதீர்கள்.

முக்கால் மணி கழித்துக் கொடியும் விழுந்தது. அங்கேதான் பிரச்சினை. ராஜரத்தினம் வைக்கோலும் கயிறும் தயாராக வைத்திருந்தார். பலாமரத்தில் கட்ட வேண்டும் என்றார். கட்டக் கூடாது, ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்றார் சிவலிங்கம். நோயில்லாத மாடுதானே என்றது கூட்டம். மாட்டைப் பார்த்தால் தெரியாது, எந்த மாடானாலும் இனி இப்படித்தான் என்றார் இவர். ராஜரத்தினத்தின் குரல் அப்போதுதான் உடைந்தது.

"மூணு மாட்டுல ரெண்ட ஏத்தி அனுப்பிட்டு இந்த ஒண்ணோட நிக்கிறேன். இதுக்கும் பால் ஊறாம போச்சுன்னா நான் புள்ளைங்களுக்கு என்னத்த குடுக்கிறது?"

எல்லோரும் சிவலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் துணியை மூக்கிலிருந்து இறக்கவில்லை.

"என் கைய நம்பித்தானே கூப்பிட்ட? அந்தக் கைதான் சொல்லுது, புதைன்னு. பால் ஊறலேன்னா என் மாட்டுப் பால் ஒங்க வீட்டுக்கு வரும்."

 ராஜரத்தினம் கயிற்றைக் கீழே போட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்கு மேலே போனார். பலாமரத்தின் அடியிலேயே, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து தள்ளி, தன் இடுப்பளவுக்குக் குழி வெட்டினார். சிவலிங்கம் கொடியைச் சாக்கில் கொண்டுவந்து இறக்கி, சுண்ணாம்பைக் கொட்டினார். மண்ணைத் தள்ளி மிதித்து முடித்ததும் ராஜரத்தினம் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார். கன்றைப் பார்த்துக் கொடுத்ததற்கு ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த ரெண்டு மாட்டை நான் மறக்கல்ல என்றார். நானும் மறக்கல்ல என்றார் சிவலிங்கம். இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள், ஒருவர் பின் ஒருவராக, பத்தடி இடைவெளியில்.

நாங்கள் பகல் பஸ்ஸை விட்டுவிட்டு மாலை பஸ்ஸில் மாத்தளை வந்தோம். வழியெல்லாம் எனக்கு அந்த ஐந்து மாடுகளின் நினைவுதான். கொழும்பில் உட்கார்ந்து பால் விலை ஏறிவிட்டது என்று முணுமுணுக்கிறவள் நான். அந்த விலைக்குப் பின்னால் ஒரு மனிதர் தன் பெயரையும் கூட்டாளியையும் பணயம் வைத்து உண்மை சொன்னார் என்பது எந்தப் பொட்டலத்திலும் எழுதியிருக்காது. எனக்குக் கிடைத்த கொழுந்தனை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவ்வளவுதான், வேறு அலங்காரமாகச் சொல்லத் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக்கால மாதங்களில் மண்சரிவால் றோட்டு மூடப்படலாம், கேட்டுவிட்டுப் போங்கள். குளிருக்குச் சட்டை, காற்றுக்குத் தலைக்கட்டு கட்டாயம். மலையில் கடை இல்லை என்று நினைத்துத் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோய், குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வழியோரத்தில் யாராவது அன்பாகக் கறந்த பாலை அப்படியே நீட்டினால் வாங்குங்கள், மறுக்காதீர்கள், ஆனால் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் குடியுங்கள். கொதித்த பாலில் பயமில்லை. தொழுவத்துக்குள் படம் எடுக்கப் போகிறவர்கள் ஈன்ற மாட்டுக்குப் பக்கத்தில் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள், கர்ப்பிணிகள் போகவே வேண்டாம். மாடு வளர்க்கிற வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால், டொக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே மாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் மூன்று நாளுக்கு, சந்தைச் சாமானும் ஓட்டோவும் சேர்த்து, பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்தது. தங்குமிடம் இலவசம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஓரகத்தி இல்லாதவர்கள் இரத்தோட்டையில் அறை எடுக்க வேண்டும்.

இதை எழுதி, படங்கள் போடுவதற்காக மாதக்கணக்கில் வைத்திருந்தேன். நேற்றுப் பரமு அழைத்தாள். கிடாரிக் கன்றுகளுக்கு மூன்று மாதம் தாண்டியதும் இந்த நோய்க்குத் தடுப்பூசி போடலாமாம். மிருக வைத்தியர் ஊசிப் பெட்டியோடு காலையிலேயே வந்துவிட்டாராம். ஊசி போட்டால் கன்றுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து ஒருவரும் கன்றை அவிழ்க்கவில்லையாம். சிவலிங்கம் மாத்தளைக் கிளினிக்குக்குப் போயிருந்தார். அவர் வந்து கன்றைப் பிடிக்கட்டும், பிறகு போடுங்கள் என்று மேல் லயம், கீழ் லயம் எல்லாம் சேர்ந்து வைத்தியரைக் காக்க வைத்திருக்கிறார்கள். நியாஸ் தம்பி ஓட்டோவில் போய் அவரை பஸ் நிலையத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்தாராம். முதல் கன்றோடு ராஜரத்தினம் நின்றிருக்கிறார், நெற்றியில் வெள்ளை உள்ள அதே கன்று. "பிடி மச்சான்" என்று கயிற்றை அவர் கையில் கொடுத்தாராம்.